சட்டக் கல்லூரியில் காலம் தள்ளுவது எப்படி?

சட்டக் கல்லூரி மாணவருக்குப் பாடத்துக்கு ஒரு கைடு கடையில் கிடைக்கிறது. தேர்வுக்கு முதல் நாள் ராத்திரி வாங்கினால்கூடப் போதும், மூன்றாண்டோ ஐந்தாண்டோ ஓடிவிடும். அவருக்குப் பாடம் நடத்துகிறவருக்கு அப்படி ஒன்றும் இல்லை. பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் கொண்டுவந்த விதிமுறைகளில் ஆசிரியர்களுக்கான தொழில்நெறி என்று ஒரு பகுதி இருக்கிறது. சாதி மதம் பாராமல் மாணவரை நடத்த வேண்டும், மாறுபட்ட கருத்தைச் சொன்னாலும் மதிக்க வேண்டும் என்றெல்லாம் அதில் எழுதியிருக்கிறார்கள். நல்ல மனம் கொண்டவர்கள் எழுதியது, சந்தேகமில்லை. ஆனால் ஒன்பது மணிக்குக் கல்லூரியில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பத்தரைக்குக் கோர்ட்டில் நிற்பது எப்படி என்பது போன்ற அன்றாடத் தேவைகளுக்கு அதில் ஒரு வரிகூட இல்லை. ஆகவே, புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் விரிவுரையாளர் நலன் கருதி இந்தக் குறிப்புகள்.

முதல் வேலையாக ஒரு பழைய நோட்டைத் தேடிப் பிடியுங்கள். ஓய்வு பெறப்போகிறவர் யாரிடமாவது இருக்கும், கேட்டால் ஆசீர்வாதத்தோடு தருவார். ஓரமெல்லாம் பழுத்து, நடுவில் அடித்த பின் துருப்பிடித்து, காகிதத்தில் பழுப்பு வட்டமே விழுந்திருக்கும். அதை நிறுத்தி நிதானமாக, கமா, ஃபுல் ஸ்டாப் உட்பட வகுப்பில் டிக்டேட் செய்யுங்கள். எழுதிக்கொண்டே இருக்கிற மாணவருக்கு நிமிர்ந்து கேள்வி கேட்க நேரம் இருக்காது.

2024 ஜூலை 1 அன்று இந்த நோட்டுக்கு ஓர் ஆபத்து வந்தது உண்மைதான். இந்திய தண்டனைச் சட்டமும் குற்றவியல் நடைமுறைச் சட்டமும் சாட்சியச் சட்டமும் ஒரே நாளில் விடைபெற்று, பாரதிய என்று தொடங்கும் மூன்று சட்டங்கள் வந்து உட்கார்ந்தன. கொலைக்கு 302 போய் 103 ஆனது. ஊரே சொல்லிச் சிரித்த 420, 318-க்குள் போய் ஒளிந்துகொண்டது. பயப்பட வேண்டாம். பென்சிலை எடுத்துப் பழைய எண்ணுக்குப் பக்கத்தில் புது எண்ணை எழுதிவிட்டால் நோட்டு புதுசாகிவிடும். தவிரவும், ஜூலை 1-க்கு முன்னால் நடந்த குற்றத்துக்கு இன்றைக்கும் பழைய தண்டனைச் சட்டம்தான் பொருந்தும். இந்த ஒரு காரணத்தைச் சொல்லியே அந்த நோட்டை இன்னும் பத்தாண்டு ஓட்டலாம்.

இரண்டொரு இடத்தில்தான் பென்சில் தடுக்கும். 124ஏ-க்கு எதிரே 152 என்று எழுதலாம். ஆனால் ராஜதுரோகம் என்ற சொல்லை எடுத்துவிட்டு வந்த புதுப் பிரிவு எதையெல்லாம் உள்ளே இழுக்கிறது என்று பேச ஆரம்பித்தால் ஒரு வகுப்பே போய்விடும், கேள்வி வேறு வரும். 377-க்கு எதிரே எழுத எண்ணே கிடையாது. 2018-இல் நவ்தேஜ் சிங் ஜோஹர் வழக்கில் உச்ச நீதிமன்றம், வயது வந்தவர்கள் மனமொத்துக் கொள்ளும் உறவை அந்தப் பிரிவிலிருந்து விடுவித்தது. சம்மதம் இல்லாத செயலுக்கு மட்டும் பிரிவு உயிரோடு இருந்தது. புதுச் சட்டம் அந்த மிச்சத்தையும் விட்டுவிட்டது. அப்படியானால் ஓர் ஆண் பாதிக்கப்பட்டால் எந்தப் பிரிவில் புகார் எழுதுவது சார் என்று கடைசி பெஞ்சிலிருந்து யாராவது எழுந்து கேட்கக்கூடும். உண்மையிலேயே நல்ல கேள்வி. “அது சிலபஸ்ல இல்லப்பா, உட்காரு” என்பது சரியான பதில்.

கேள்வி தமிழில் வந்தால் வேலை இன்னும் சுலபம். நம் அரசு சட்டக் கல்லூரிகளில் தேர்வைத் தமிழிலேயே எழுதலாம், எழுதுகிறவர்களும் ஏராளம். அப்பா விவசாயக் கூலி, குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் அவன்தான் என்கிற ஒரு பையன் தயங்கித் தயங்கி எழுந்து, “சார், எஸ்டாப்பல்னா என்ன சார்?” என்பான். ஒருவன் சொன்ன சொல்லை நம்பி இன்னொருவன் ஒரு காரியம் செய்தபின், நான் அப்படிச் சொல்லவே இல்லை என்று முதல் ஆள் பல்டி அடிக்க முடியாது என்று ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். ஊர்ப் பஞ்சாயத்தில் அவன் பார்த்த விஷயம்தான், உடனே புரிந்துகொள்வான். அப்படிச் சொல்லிவிட்டால் நாளைக்கும் எழுந்து நிற்பான். “பேர் ஆக்டைப் படிச்சிட்டு வா” என்பதை ஆங்கிலத்தில் சொல்லுங்கள். முன்வரிசையில் இரண்டு பேர் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு அவனை ஐந்தாண்டுக்கு உட்கார வைத்துவிடும்.

வருகைப் பதிவேட்டுக்கு வருவோம். பார் கவுன்சிலின் 2008-ஆம் ஆண்டு சட்டக் கல்வி விதிகளின்படி ஒவ்வொரு பாடத்திலும் 70 சதவீத வருகை இருந்தால்தான் தேர்வு எழுதலாம். தக்க காரணம் இருந்தால் 65 வரை தளர்த்தலாம், அப்போதும் மொத்தத்தில் 70 இருக்க வேண்டும். இந்த ஐந்து சதவீத இடைவெளி ஆசிரியர் கையில் இருக்கிற பெரிய சொத்து. டைபாய்டு வந்து கிடந்த பெண்ணிடம் மருத்துவச் சான்று, அதன் நகல், நகலுக்குச் சான்றொப்பம், பெற்றோர் கடிதம் என்று வரிசையாகக் கேளுங்கள். ஊரில் பெட்ரோல் பங்க் வைத்திருப்பவர் மகன் செமஸ்டர் முழுக்க வராவிட்டாலும் 71 போடுங்கள், 72 வேண்டாம், அடக்கமாக இருக்கட்டும். வேறு மாநிலத்தில் ஏதோ ஒரு கல்லூரியில் பெயரைப் பதிந்துவிட்டு, இங்கே முழுநேர வேலை பார்த்துக்கொண்டே பட்டம் வாங்கியவர்களைப் பற்றி உயர் நீதிமன்றம் பலமுறை கடிந்துகொண்டது. அந்தப் பட்டங்களின் பின்னாலும் யாரோ ஓர் ஆசிரியர் நாள் தவறாமல் ‘பி’ போட்ட பதிவேடு இருந்தது என்பதை மட்டும் யாரும் பேசுவதில்லை. நம் இனத்தின் அடக்கம் அது.

உங்கள் சொந்த வருகை தனி விஷயம். வழக்கறிஞர் தொழில் செய்துகொண்டே ஒருவர் நாளுக்கு மூன்று மணி நேரத்துக்கு மிகாமல் சட்டம் கற்பிக்கலாம் என்று 1979-ஆம் ஆண்டு விதி அனுமதிக்கிறது. முழுநேரச் சம்பளம் வாங்குகிறவர் வக்கீலாகத் தொழில் செய்யக் கூடாது என்று பார் கவுன்சிலின் 49-ஆம் விதி சொல்கிறது. இரண்டையும் சேர்த்துப் படித்தால், முழுநேர ஆசிரியர் மூன்று மணி நேரத்துக்கு மிகாமல் கல்லூரியில் இருந்தால் போதும் என்று அர்த்தம் வரும். அப்படி அர்த்தம் வராது என்பீர்கள். விதிகளுக்குப் பொருள் விளக்கம் எடுக்கிற பாடத்தை நடத்துவது யார்? நீங்கள்தானே? கோட்டை மட்டும் கல்லூரியில் மாட்டிவைக்காமல் காரிலேயே வைத்துக்கொள்ளுங்கள். வக்காலத்து ஜூனியர் பெயரில் இருக்கட்டும்.

இனி, இந்தத் தொழிலின் உயிர்நாடியான ரெக்கார்டு நோட்டு. இதில் கோட்டை விட்டால் மற்றதெல்லாம் வீண்.

எழுத்துத் தேர்வு மட்டும் போதாது, கோர்ட்டையும் கட்சிக்காரரையும் மாணவர் கண்ணால் பார்க்க வேண்டும் என்று செய்முறைத் தாள்களைக் கட்டாயமாக்கியிருக்கிறது பார் கவுன்சில். மூட் கோர்ட் தாளில் மூன்று மாதிரி வழக்குகளுக்கு 30 மதிப்பெண். ஒரு சிவில், ஒரு கிரிமினல் என இரண்டு வழக்கு விசாரணையை நீதிமன்றத்தில் போய் உட்கார்ந்து பார்த்து எழுதினால் 30. வக்கீல் அலுவலகத்திலோ சட்ட உதவி மையத்திலோ கட்சிக்காரரிடம் விவரம் கேட்பதை இரண்டு தடவை பார்த்து எழுதுவதும், வழக்குக்கான ஆயத்தங்களும் சேர்ந்து 30. மிச்சம் 10 நேர்முகத்துக்கு. இந்தத் திட்டத்தைப் போட்டவருக்கு ஒரு கும்பிடு போடலாம். மூன்று வருஷம் தலை நிமிராமல் டிக்டேஷன் எழுதிய பிள்ளை, முதல் தடவையாக ஒரு பொம்பளை சாட்சிக் கூண்டில் நின்று அழுவதைப் பார்க்கிறான். குறுக்கு விசாரணையில் வக்கீல் குரலை உயர்த்தியதும் நீதிபதி பேனாவைக் கீழே வைப்பதைப் பார்க்கிறான். வாய்தா என்ற ஒரு சொல்லுக்காக ஒரு கிழவர் நாலு மணி நேரம் வராந்தாவில் நின்றதையும் பார்க்கிறான். எந்தப் புத்தகமும் இதைத் தராது.

ஆகவே, இது நடக்காமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு.

சீனியர் பேட்ச் மாணவரின் ரெக்கார்டு ஒன்றை வகுப்பில் சுற்றுக்கு விடுங்கள். பழுப்பு அட்டை போட்டு லேபிள் ஒட்டிய நோட்டு. வலப்பக்கம் கோடு, இடப்பக்கம் வெள்ளை. வெள்ளைப் பக்கத்தில் தராசு படம் வரைந்தால் ஒரு மார்க் கூடும் என்று தெரியப்படுத்துங்கள். ஒரே வாரத்தில் அறுபது நோட்டும் உங்கள் மேஜைக்கு வந்துவிடும். அறுபதிலும் ஒரே பாகப்பிரிவினை வழக்கு, ஒரே அடிதடி வழக்கு, ஒரே நீதிபதி. அந்த நீதிபதி மாற்றலாகிப் போய் எத்தனையோ வருஷம் ஆகியிருக்கும், பரவாயில்லை. விசாரணை நடந்ததாக எழுதிய தேதி ஞாயிற்றுக்கிழமையாக இருக்கும், அதையும் யாரும் காலண்டர் வைத்துப் பார்க்கப்போவதில்லை. முதலில் எழுதிய புண்ணியவான் ‘வாதி’ என்று எழுத வேண்டிய இடத்தில் கை தவறி ‘வியாதி’ என்று எழுதியிருப்பார். அறுபது நோட்டிலும் வியாதி சாட்சிக் கூண்டில் ஏறும், வியாதி சத்தியப் பிரமாணம் செய்யும், வியாதிக்குச் செலவுத்தொகையோடு தீர்ப்பும் ஆகும். நீங்கள் அதைப் படித்துவிடாதீர்கள். படிக்காமல் கையெழுத்துப் போடுகிற வேகம்தான் அனுபவத்தின் அடையாளம். நோட்டின் முதல் பக்கத்தில் ‘மேற்படி மாணவர் நேரில் கண்டு எழுதியது எனச் சான்றளிக்கிறேன்’ என்று அச்சடித்திருக்கும், அதன் கீழே உங்கள் பெயர், முத்திரை, தேதி.

இதைப் போட்டுவிட்டு அடுத்த பீரியடில் புதுத் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 234-ஆம் பிரிவை நடத்த வேண்டியிருக்கலாம். பொய் என்று தெரிந்தே சான்றிதழ் தருவது பொய்ச் சாட்சி சொல்வதற்குச் சமம் என்கிற பிரிவு. பழைய நோட்டில் அது 197. சட்டப்படி தர வேண்டிய சான்றிதழ், அல்லது சாட்சியமாக ஏற்கத் தக்க சான்றிதழ் என்று அதில் ஒரு வரையறை இருக்கிறது. ரெக்கார்டு நோட்டு அதற்குள் வருமா வராதா என்பது வாதத்துக்குரியது. வாதாடத்தானே நாம் இருக்கிறோம்.

இதை முறைகேடு என்று சொல்கிற சிலர் இருப்பார்கள். அவர்களுக்குத் தொலைநோக்கு இல்லை. இந்த அறுபது பேரும் நாளைக்குக் கறுப்புக் கோட்டுப் போடப்போகிறவர்கள். கட்சிக்காரர் ஊரிலேயே இல்லாதபோது அவர் நேரில் வந்து கையெழுத்திட்டதாக நோட்டரி முத்திரையோடு பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்ய வேண்டிவரும். வாய்தா வாங்க, ஆள் பார்க்காத டாக்டரிடம் சர்டிபிகேட் வாங்க வேண்டிவரும். பார்க்காததைப் பார்த்ததாக எழுதலாம், எழுதினால் மேலே இருக்கிறவர் கையெழுத்துப் போடுவார், போட்டால் அது உண்மையாகிவிடும் என்ற மூன்று பாடத்தையும் அவர்கள் இருபது இருபத்திரண்டு வயதிலேயே உங்களிடம் கற்றுவிடுகிறார்கள். இதைவிடப் பெரிய செய்முறைப் பயிற்சி எந்த வக்கீல் அலுவலகத்தில் கிடைக்கும்?

தொழில்நெறி என்றே ஒரு தாள் தனியாக இருப்பதை மறந்துவிடக் கூடாது. பார் கவுன்சில் ஒழுங்கு நடவடிக்கைக் குழுக்களின் 50 தேர்ந்த முடிவுகள், உச்ச நீதிமன்றத்தின் முக்கியமான 10 தீர்ப்புகள் என்று பாடத்திட்டம் கேட்கிறது. எடுத்துக்காட்டாக, ரங்கதுரை எதிர் கோபாலன் என்கிற 1978-ஆம் ஆண்டுத் தீர்ப்பு. நம் ஊர் விவகாரம். காது கேளாத முதியவர் ஒருவர் தரப்பில் புரோநோட்டுப் பணத்துக்கு வழக்குப் போடச் சொல்லி ஒரு வக்கீலிடம் ஒப்படைத்தார்கள். அவர் போடாமலே போட்டுவிட்டதாகச் சொல்லி வந்தார். மாநில பார் கவுன்சில் ஆறாண்டு இடைநீக்கம் என்றது, இந்திய பார் கவுன்சில் அதை ஓராண்டாகக் குறைத்தது. உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி கிருஷ்ணய்யர் இதை வேறு மாதிரி அணுகினார். வெறும் தடையால் யாருக்கு என்ன லாபம், ஏழைகளுக்கு ஓராண்டு இலவசச் சட்ட உதவி செய்யட்டும் என்று தண்டனையையே சேவையாக மாற்றினார். அது சரியா, ஏமாந்த முதியவருக்கு அதனால் என்ன கிடைத்தது, ஏழைகளுக்கு மட்டும் தண்டனை பெற்ற வக்கீல்தானா என்று வகுப்பை இரண்டு கட்சியாகப் பிரித்து விட்டால் மணி அடித்தாலும் பிள்ளைகள் எழுந்திருக்க மாட்டார்கள். அதனால்தான் இதை ‘வக்கீலின் தவறான நடத்தை, இடைநீக்கம், இரண்டு மதிப்பெண்’ என்று சுருக்கி எழுதிப் போடச் சொல்கிறேன். தொழில்நெறித் தேர்வில் பிட் அடித்துப் பிடிபடுகிறவனைப் பார்த்துச் சிரித்துவிடாமல் இருப்பது மட்டும் கொஞ்சம் கஷ்டம், பழகிவிடும்.

சட்ட உதவி மையம்? இருக்கிறது. பலகை, பூட்டு, பூட்டின் மேல் தூசி. 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவில் பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், காவலில் இருப்பவர்கள் என்று இலவச உதவிக்கு உரியவர்களின் பட்டியல் உண்டு. அதைப் பெரிய எழுத்தில் எழுதி உள்ளே ஒட்டுங்கள், வெளியே ஒட்டினால் ஆள் வந்துவிடும். இன்ஸ்பெக்‌ஷன் குழு வருகிற அன்று அறையைத் திறந்து, வாட்ச்மேனின் சம்சாரத்தைக் கட்சிக்காரராக நாற்காலியில் உட்கார வைத்தால் முடிந்தது.

ஆராய்ச்சி பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மானியக் குழுவின் 2018 விதிகளில் பத்து சதவீதம் வரை பிறர் எழுத்தோடு ஒத்துப்போனால் தண்டனை கிடையாது. அதைச் சலுகை என்று நினைக்காமல் ஒதுக்கீடு என்று நினைத்து முழுசாகப் பயன்படுத்துங்கள். நாற்பதைத் தாண்டினால் ஒரு ஆண்டுச் சம்பள உயர்வு போகும், அறுபதைத் தாண்டினால் இரண்டு போகும். எனவே மாணவர் எழுதிய கட்டுரையில் உங்கள் பெயரை முதலில் போட்டுக்கொள்வதே பாதுகாப்பு. அதைக் கண்டுபிடிக்கும் மென்பொருள் இன்னும் வரவில்லை.

மாணவிகள் விஷயத்தில் எச்சரிக்கை தேவை. விசாகா தீர்ப்பு 1997, சட்டம் 2013, உயர்கல்வி நிறுவனங்களுக்கான தனி விதிமுறை 2015 என்று வருடங்களைத் தப்பில்லாமல் ஒப்பிக்கத் தெரிந்திருக்க வேண்டும். உள் புகார்க் குழுவில் யார் யார் என்ற பலகையை முதல்வர் அறைக்குள்ளே மாட்டுவது மரபு. ராத்திரி பதினோரு மணிக்கு மாணவிக்கு ‘சாப்டாச்சா’ என்று வாட்ஸ்அப் அனுப்புகிறவர் காலையில் விசாகாவை நடத்தும்போது குரல் நடுங்காமல் இருக்க வேண்டும். மூன்று மாதத்துக்குள் புகார் தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, இன்டர்னல் மார்க் போடுவது நாலாவது மாதம். இந்தக் கணக்கு தெரிந்த ஆசிரியர்கள் இருக்கிறார்கள். கேலி செய்ய இதற்கு மேல் எனக்கு மனம் வரவில்லை.

சாதி. இதையும் சொல்லியாக வேண்டும். 21 வயதுப் பையனிடம் சாதியை நேரடியாகக் கேட்கக் கூடாது, நாகரிகம் இல்லை. “எந்த ஊருப்பா?” என்று கேளுங்கள். சொல்வான். “அட, நமக்குத் தெரிஞ்ச ஊர்தான். ஊர்ல எந்தத் தெரு?” இப்போது தெரிந்துவிட்டது. இன்டர்னல் மார்க் போடும்போது நினைவில் வைத்துக்கொள்ளலாம், விடுதியில் எந்த அறை என்பதற்கும் உதவும். காலையில் தீண்டாமையை ஒழித்த அரசியலமைப்பின் 17-ஆம் உறுப்பும், 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் நடத்துங்கள். சாயங்காலம் உங்கள் தெருப் பிள்ளைகளை மட்டும் தனியே அழைத்து டீ வாங்கிக் கொடுங்கள்.

இந்த முறை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குச் சான்று உண்டு. 2008 நவம்பர் 12 அன்று சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் பக்கத்துச் சுவரான அம்பேத்கர் அரசு சட்டக் கல்லூரியில் மாணவர்கள் கட்டையும் கத்தியுமாக மோதிக்கொண்டதையும், கீழே விழுந்து அசையாமல் கிடந்தவனை மேலும் மேலும் அடித்ததையும், போலீஸ் வாசலில் நின்று பார்த்ததையும் தமிழ்நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. ஜெயந்தி விழாச் சுவரொட்டி ஒன்றில் கல்லூரிப் பெயரிலிருந்து அம்பேத்கரை விட்டுவிட்டதில் பகை முற்றியது என்று அன்றைய செய்திகள் சொல்லின. விசாரணை ஆணையம் அமைந்தது. போலீசார் ஏன் உள்ளே போகவில்லை என்று எல்லாரும் கேட்டார்கள், கேட்க வேண்டிய கேள்விதான். அந்தப் பகை செமஸ்டர் செமஸ்டராக வளர்ந்தபோது வகுப்பறைக்குள் தினமும் போய்வந்துகொண்டிருந்தவர்கள் என்ன செய்தார்கள் என்று கேட்டவர்கள் குறைவு. 1891-இல் தொடங்கிய கல்லூரி, 2018-இல் புதுப்பாக்கம், பட்டறைப்பெரும்புதூர் என்று இரண்டாகப் பிரிந்து நகரத்துக்கு வெளியே போனது. அம்பேத்கரும் நம் தொழில் பார்த்தவர்தான், 1935-இல் பம்பாய் அரசு சட்டக் கல்லூரியின் முதல்வராக இருந்தார். அவருடைய படத்துக்கு மாலை போடுகிற அன்று இதையெல்லாம் நினைத்து மனசைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

கடைசியாக, வாயைத் திறக்காமல் இருப்பது. தீர்ப்பு வந்தால் அதை மேற்கோள் காட்டலாம், குறை சொல்லக் கூடாது. அப்படிச் சொன்னவர்கள் எத்தனை பேருக்கு வேலை வைத்தார்கள் என்று பாருங்கள்.

மகாராஷ்டிரத்தில் ஒரு பழங்குடிப் பெண்ணைக் காவல் நிலையத்திலேயே வன்புணர்ந்ததாகக் குற்றம்சாட்டப்பட்ட போலீசார் இருவரை உச்ச நீதிமன்றம் விடுதலை செய்தது. பெண்ணின் உடலில் காயம் இல்லை, அவள் எதிர்த்ததற்கு அடையாளம் இல்லை என்பது காரணம். மதுரா வழக்கு என்று இன்று எல்லாக் கைடிலும் இருக்கிறது. 1979 செப்டம்பரில் சட்ட ஆசிரியர்கள் நாலு பேர், உபேந்திர பக்ஷி, லோதிகா சர்க்கார், ரகுநாத் கேல்கர், வசுதா தாகம்வார், தலைமை நீதிபதிக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். பணிந்துபோவதும் சம்மதிப்பதும் ஒன்றா என்று கேட்டார்கள். நாடு முழுக்கப் பெண்கள் தெருவுக்கு வந்தார்கள். 1983-இல் சட்டமே திருத்தப்பட்டது. காவலில் நடந்த வன்புணர்வில், சம்மதம் இல்லை என்று பெண் சொன்னால் நீதிமன்றம் அப்படியே அனுமானிக்க வேண்டும் என்ற பிரிவு அப்போது வந்ததுதான். நாலு பேர் சும்மா இருந்திருந்தால் நமக்குப் பாடத்திட்டத்தில் ஒரு பிரிவு மிச்சமாகியிருக்கும். பக்ஷியும் சர்க்காரும் அதோடும் நிற்கவில்லை. ஆக்ராவில் அரசுப் பாதுகாப்பு இல்லத்துப் பெண்களின் அவலத்தைப் பத்திரிகையில் படித்துவிட்டு, 1981-இல் உச்ச நீதிமன்றத்துக்கே எழுதி அதை வழக்காக்கினார்கள்.

பீகாரில் அவசரச் சட்டங்களைச் சட்டமன்றத்துக்குக் கொண்டுபோகாமலே மறுபடி மறுபடி பிறப்பித்து, சிலவற்றைப் பதினான்கு ஆண்டு வரைகூட ஓட்டினார்கள். 1967 முதல் 1981 வரை 256 அவசரச் சட்டங்கள். இதை அரசிதழ்களில் தோண்டித் தொகுத்து வெளியே கொண்டுவந்தவர் டி.சி. வாத்வா. 1986-இல் உச்ச நீதிமன்றம் அது அரசியலமைப்பை ஏமாற்றும் வேலை என்று கண்டித்து, அவருக்குப் பத்தாயிரம் ரூபாய் செலவுத்தொகையும் கொடுக்கச் சொன்னது. இதில் நமக்கு ஆறுதலான ஒரு செய்தி, அவர் சட்டப் பேராசிரியர் அல்ல. புனே கோகலே நிறுவனத்தில் பொருளாதாரப் பேராசிரியர். நம் ஆட்கள் அந்தப் பதினான்கு ஆண்டும் கட்டுப்பாடாகத்தான் இருந்தார்கள்.

இவ்வளவையும் கடைப்பிடித்தால் ஓய்வூதியம் வரை தொந்தரவு இருக்காது. ஒரே ஒரு இடத்தில் மட்டும் கவனம் தேவை. நிர்வாகச் சட்டப் பாடத்தில் 2005-ஆம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டம் ஓர் அலகாக வரும். அரசுக் கல்லூரியின் வருகைப் பதிவேடு, இன்டர்னல் மார்க் பட்டியல், உள் புகார்க் குழு கூடிய தேதிகள், சட்ட உதவி மையத்துக்கு வந்த மனுக்கள் என எதைப் பற்றியும் பத்து ரூபாய் கட்டணத்தோடு ஒரு வெள்ளைத்தாளில் கேட்கலாம், முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும். மதிப்பீடு செய்த தன் விடைத்தாளைப் பார்க்க மாணவருக்கு உரிமை உண்டு என்று 2011-இல் உச்ச நீதிமன்றம் ஆதித்ய பந்தோபாத்யாய் வழக்கில் சொல்லிவிட்டது. அந்த அலகை மட்டும் தேர்வுக்கு வராது என்று சொல்லித் தாண்டிவிடுங்கள். இந்தக் கட்டுரையையும் மாணவர் கண்ணில் படும்படி ஸ்டாஃப் ரூமில் போட்டுவைக்காதீர்கள்.